தமிழ்த் திரையின் முன்னோடி நடராஜ முதலியார்

தமிழ்ப் பேசும் படம் 1931-ஆம் ஆண்டில் பிறந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக முன்னரே, தென்னாட்டின் முதல் மௌனக் கதைப்படத்தை உருவாக்கியவர் ஆர். நடராஜ முதலியார். அம்முயற்சியில் பெங்களூருக்கும் பங்குண்டு என்பதை இந்நகர்வாழ் தமிழராகிய நாம் அறிந்து மகிழ்தல் வேண்டும்.

வேலூரில் 1885-ஆம் ஆண்டு பிறந்த முதலியார், சென்னையில் மோட்டார் உதிரிபாக வாணிகம் செய்து வந்தார். தாதா சாகேப் பால்கேயின் படங்களைக் கண்டதும் அவர் உள்ளம் புதிய கலையை நாடிற்று. புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரிடம் காமிராவைக் கையாளும் முறையைக் கற்றார். பின்னர் நண்பர்களைப் பங்குதாரராகக் கொண்டு, சென்னை மில்லர்ஸ் சாலையில் இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார்.

அந்நாளில் மின்விளக்குக் கூடங்கள் ஏது? மெல்லிய வெண்துணியே கூரை. அதனூடே வடிந்த வெயிலே விளக்கு. முதற்கதையாகக் கீசக வதத்தைத் தேர்ந்தபோது, அது முதற்படத்துக்கு ஏற்றதன்று என உறவினர் சிலர் தயங்கினர். பம்மல் சம்பந்த முதலியாரோ ஊக்கமூட்டினார். சுகுண விலாச சபையைச் சேர்ந்த ரங்கவடிவேலு நடிகர்களைப் பயிற்றுவித்தார்.

படச்சுருளைக் கழுவுவதில் இடர் நேர்ந்தது. வெப்பம் மிகுந்தால் சுருளின் மேற்பூச்சு இளகிக் கெடும். ஆகவே குளிர்ந்த பெங்களூரில் இரசாயனக் கூடம் அமைத்தார். வார நாட்களில் சென்னையில் படம் பிடிப்பார். வார இறுதியில் இங்கு வந்து சுருளைக் கழுவுவார். இவ்வாறு அலைந்தே, 35 நாட்களில், ஏறத்தாழ 6,000 அடி நீளமுள்ள படத்தை முடித்தார். செலவு ரூ. 35,000, வரவு ரூ. 50,000.

படம் பேசவில்லை, ஆயினும் தமிழ், இந்தி, ஆங்கில எழுத்துகள் கதையை உரைத்தன. பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் அது காட்டப்பெற்றது. கடல் கடந்து உழைத்த நம்மவர் வாழ்ந்த ஊர்களுக்கெல்லாம் திரௌபதியின் கதை சென்றது!

திரௌபதி வஸ்திராபஹரணம், லவகுசா, மார்க்கண்டேயா முதலிய படங்கள் தொடர்ந்தன. ஆயினும் விதி கொடிதாயிற்று. ஸ்டுடியோ தீக்கிரையாயிற்று, அருமை மகனையும் இழந்தார். 1923-ஆம் ஆண்டில் திரைத்தொழிலினின்று விலகியவர், பேசும் படமும் வண்ணப் படமும் வளர்ந்தோங்கக் கண்டு, 1971-ஆம் ஆண்டு மறைந்தார்.

கீசக வதத்தின் ஒரு பிரதியும் இன்று எஞ்சவில்லை. நூற்றாண்டுக்குள் ஒரு கலைச்செல்வம் சுவடின்றி அழிந்தது. படம் போயினும் அதைப் படைத்தவர் பெயரேனும் நிலைத்தல் வேண்டும். பெங்களூரின் குளிர்ச்சியை நாடி வாரந்தோறும் வந்த அப்பெரியாரை நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வோம். வேற்றூரில் வாழினும் முன்னோரை மறவாதிருத்தலே நம் சங்கத்துக்குப் பெருமை தரும்.