மறதிக்குப் பின்னிருந்த நோயைக் கண்ட மருத்துவர்

வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், வயதாகிவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அத்தகைய மறதிக்குப் பின்னால் மூளையைத் தாக்கும் ஒரு நோய் இருக்கக்கூடும் என்று காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர்.

1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி பவேரியா மாநிலத்தின் மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். மருத்துவம் படித்து முடித்ததும் 1888ல் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநலக் காப்பகத்தில் பணியில் சேர்ந்தார். நோயாளிகளிடம் பேசுவதோடு, இறந்தோரின் மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்வதிலும் ஈடுபட்டார். திசுக்களுக்குச் சாயமேற்றுவதில் வல்லவரான ஃபிரான்ஸ் நிஸ்ல் அங்கு அவருக்கு நெருங்கிய நண்பரானார்.

1901ல் அவருடைய மனைவி சிசிலியே, மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுக் காலமானார். அதே ஆண்டு நவம்பர் மாதம் ஆகுஸ்ட டெட்டர் என்ற 51 வயது மாது காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். காரணமின்றிக் கணவரைச் சந்தேகித்தார். பொருள்களை ஒளித்து வைத்தார். பழகிய சமையலிலும் தடுமாறினார்.

அல்சைமர் அவர் அருகில் அமர்ந்து பொறுமையாகப் பேச்சுக் கொடுத்தார். கணவர் பெயரைக் கேட்டதற்கு அம்மாது தம் பெயரையே சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த காலிஃபிளவரைக் கீரை என்றார். தம் பெயரைக்கூட அவரால் எழுதி முடிக்க இயலவில்லை. கேட்டதையும் கிடைத்த பதிலையும் அல்சைமர் அப்படியே குறித்து வைத்தார்.

1903ல் மியூனிக் நகருக்கு மாறிச் சென்ற பிறகும் அவர் அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் ஆகுஸ்ட இறந்ததும், அவருடைய மூளையும் மருத்துவக் குறிப்புகளும் அல்சைமருக்கு அனுப்பப்பட்டன. மூளை சுருங்கியிருந்தது. நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய நார்களும் தெரிந்தன. அவை அமிலாய்ட், டாவ் என்னும் புரதங்களால் ஆனவை என்று பிற்கால ஆய்வுகள் விளக்கின.

அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூட்டத்தில் இதை அவர் விவரித்தார். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனினும் 1910ல் பேராசிரியர் எமில் கிரெப்லின் தமது பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

1912ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அல்சைமர், உடல்நலம் குன்றி 1915 டிசம்பர் 19ஆம் தேதி மறைந்தார். அப்போது அவருக்கும் வயது 51. ஃபிராங்க்ஃபர்ட்டில் மனைவியின் கல்லறை அருகே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நடுத்தர வயதினருக்கு அரிதாக வரும் நோய் என்றே பல ஆண்டுகள் இது கருதப்பட்டது. முதியோரிடம் காணப்படும் மறதிநோய்க்கும் இதுவே முதன்மைக் காரணம் என்பது பிறகே உறுதியானது. நெடுங்காலம் காணாமற்போயிருந்த ஆகுஸ்டவின் மருத்துவக் கோப்பு 1995ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிடைத்தது.

இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், கவனிக்கப்படாத செவித்திறன் குறைபாடு ஆகியவை மறதிநோய் அபாயத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இவற்றை நடுத்தர வயதிலேயே கவனிப்பது நல்லது. பெரியவர்களின் பேச்சிலோ நடத்தையிலோ மாற்றம் தெரிந்தால், கோபப்படாமல் அருகில் அமர்ந்து பேசுவோம். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.