புனித அகுஸ்தினாரின் உணவு மேசை

இன்று அல்ஜீரியா என்று வழங்கும் நாட்டில், தகாஸ்தே என்னும் சிற்றூரில், கி.பி. 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புனித அகுஸ்தினார் பிறந்தார். தந்தை பத்ரீசியுஸ் அப்போது கிறிஸ்தவர் அல்லர், முன்கோபமும் உடையவர். தாய் மோனிக்கம்மாளோ பொறுமைக்கும் பக்திக்கும் இருப்பிடமானவர்.

அகுஸ்தினார் என்றதுமே பேரிக்காய்த் திருட்டுதான் நம் நினைவுக்கு வரும். ஞானோபதேச வகுப்பில் சிறு வயது முதல் கேட்ட கதை அல்லவா! 16 வயதில் தோழர்களோடு நள்ளிரவில் சென்று, தங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு அருகிலிருந்த மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளிக்கொண்டு போனார். பசியால் அல்ல, அவரிடம் அவற்றைவிட நல்ல பழங்கள் இருந்தன. ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். இதற்குப் போய் ஒரு புனிதர் இவ்வளவு வருந்துவானேன் என்று நாங்கள் சிரித்ததுண்டு.

சிரிக்க முடியாத செய்தி ஒன்றும் அவர் வாழ்வில் உண்டு. கார்த்தேஜ் நகரில் கல்வி கற்றபோது, திருமணம் செய்துகொள்ளாமலே ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கினார். அதேயோதாத்துஸ் என்ற மகனும் பிறந்தான். ஆண்டுகள் பல சென்றன. மிலான் நகரில் பேச்சுக்கலை ஆசிரியராக உயர் பதவி கிடைத்ததும் தகுந்த இடத்தில் பெண் பேசினார்கள். இத்தனை ஆண்டு உடன் வாழ்ந்தவள் இடையூறாகிவிட்டாள். மகனைத் தந்தையிடம் விட்டுவிட்டு, இனி வேறு ஆடவனை அறிவதில்லை என்று நேர்ந்துகொண்டு, அவள் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினாள். அவள் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவரோ, பேசி முடித்த பெண்ணுக்கு மணவயது வரும்வரைகூடக் காத்திருக்க முடியாமல் வேறொருத்தியைத் தேடிக்கொண்டார்.

இதை வாசித்தபோது எங்களுக்கு அவர்மேல் கடுங்கோபம் மூண்டது. இப்படிப்பட்டவரைப் பீடத்தில் வைத்து வணங்குவதா என்று எங்களில் சிலர் வெளிப்படையாகவே கேட்டுவிட்டோம். பிறகுதான் ஒன்று உறைத்தது. இச்செய்தி நமக்கு எப்படித் தெரியும்? பகைவர் யாரும் எழுதி வைக்கவில்லை. அவரேதான் எழுதினார்.

386-ஆம் ஆண்டு மிலானில் ஒரு தோட்டத்தில் அவர் மனம் கசந்து அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசிக்கும்படி ஒரு குழந்தைக் குரல் பாடக் கேட்டு, புனித சின்னப்பரின் நிருபத்தைத் திறந்து மனந்திரும்பியதை எல்லோரும் அறிவோம். அடுத்த ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் ஆயர் அம்புரோசியார் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். அதேயோதாத்துஸும் உடன் ஞானஸ்நானம் பெற்றான். அவனுக்கு அப்போது ஏறத்தாழ 15 வயது, எங்கள் வயதுதான். மோனிக்கம்மாள் அதே ஆண்டில் ஓஸ்தியா துறைமுகத்தில் காலமானார். மகனும் சில ஆண்டுகளில் இறந்துபோனான்.

ஊர் திரும்பிய அகுஸ்தினார் 391-இல் ஹிப்போ நகரில் குருவானார். சில ஆண்டுகளில் ஆயரும் ஆனார். மக்கள் கைகூப்பி நிற்கும் அந்த நிலையில் இருந்துகொண்டுதான், 13 பாகங்கள் கொண்ட தம் அறிக்கை நூலை எழுதினார். பேரிக்காயையும் எழுதினார், அனுப்பிவிட்ட பெண்ணையும் எழுதினார். மூடி மறைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

தம் குற்றத்தை ஊரறியச் சொன்னவர், பிறர் குற்றத்தைப் பேச மட்டும் இடம் தரவில்லை. அவரோடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பழகிய ஆயர் போசிதியுஸ் எழுதிய வரலாற்றில் இது காணப்படுகிறது. அவர் வீட்டு உணவு எளியது; கரண்டிகள் மட்டும் வெள்ளி, பாத்திரங்கள் மண்ணாலோ மரத்தாலோ கல்லாலோ ஆனவை. மேசையின்மேல் கவிதையாக ஒரு வாசகம் பொறித்திருந்தார். அங்கு இல்லாதவரைப் பற்றிப் புறங்கூறுகிறவருக்கு இம்மேசையில் இடமில்லை என்பது அதன் பொருள். ஒருநாள் அவருக்கு மிகவும் நெருங்கிய ஆயர்கள் சிலரே அதை மறந்து பேச ஆரம்பித்தார்கள். அவர் மனம் நொந்து, ஒன்று இவ்வாசகத்தை அழித்துவிட வேண்டும், இல்லையேல் நான் பாதி உணவில் எழுந்து என் அறைக்குப் போகிறேன் என்று கடிந்துகொண்டார்.

எங்கள் விடுதி மேசையில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு மாணவி இரண்டு வாரம் வராதிருந்தபோது, ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தோம். ஒன்றும் நல்ல காரணமில்லை. அன்றைய சாம்பாரைவிட அப்பேச்சுதான் எங்களுக்குச் சுவையாக இருந்தது. அவள் தந்தையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தாள். நாங்கள் பேசியது அவளுக்கு இதுவரை தெரியாது. இம்மலர் அவள் கைக்கும் போகும் என்று தெரிந்தே இதை எழுதுகிறோம்.

அக்காலத்தில் தொனாத்துப் பிரிவினர் என்போர் ஆப்பிரிக்காவில் பெருகியிருந்தனர். வேதகலாபனையில் அஞ்சி மறைநூல்களை ஒப்படைத்தவர்களும், அவர்களைச் சேர்ந்தவர்களும் கறைபட்டவர்கள் என்றும், தாங்களே தூயவர்கள் என்றும் அவர்கள் பிரிந்து நின்றார்கள். கோதுமையும் களையும் அறுவடை வரை ஒரே வயலில்தான் இருக்கும், பிரித்தெடுப்பது மனிதர் வேலையன்று என்று அகுஸ்தினார் அவர்களோடு வாதிட்டார். ஆனால் பிற்பாடு, அவர்களை வற்புறுத்திச் சேர்க்கும் அரச சட்டங்களுக்கு அவரே உடன்பட்டார். இது எங்களுக்கு ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதுமையில், 426, 427-ஆம் ஆண்டுகளில், தாம் எழுதிய 93 நூல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கெங்கே தவறினோம் என்று தாமே திருத்தி இன்னொரு நூல் எழுதினார். எங்கள் கட்டுரை நோட்டில் சிவப்பு மை பட்டாலே எங்களுக்கு முகம் சுண்டிவிடுகிறது!

430-ஆம் ஆண்டு வண்டாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டது. முற்றுகையின் மூன்றாம் மாதம் அகுஸ்தினார் காய்ச்சலில் படுத்தார். ஞானஸ்நானம் பெற்றபின் எவ்வளவு நல்லவராக வாழ்ந்தவரும் மனஸ்தாபமின்றி உலகைவிட்டுப் போகலாகாது என்பது அவர் கருத்து. தாவீது அரசரின் மனஸ்தாப சங்கீதங்களைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டச் செய்தார். படுத்தபடியே அவற்றை வாசித்து வாசித்துக் கண்ணீர் விட்டார். கடைசிப் பத்து நாள்கள், மருத்துவர் வரும் வேளையும் உணவு வரும் வேளையும் தவிர யாரும் உள்ளே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்டு 28-ஆம் நாள், 75-ஆம் வயதில் உயிர் நீத்தார். உயில் ஏதும் எழுதவில்லை. எழுதிவைக்க அவரிடம் சொத்து இல்லை. ஆலயத்து நூல்களைப் பத்திரமாகக் காக்கும்படி மட்டும் சொல்லியிருந்தார்.