சிரம்பான் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் மந்திரிசபைக்கு: எஸ். ராஜரத்தினம்



மலர்க் குழுவினர் என்னிடம் தொழில் சம்பந்தமான கட்டுரைதான் கேட்டார்கள். பம்பு, வால்வு, பைப்லைன் என்று எழுதினால் என் வகுப்புத் தோழர்களே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால், நான் எட்டு வருடமாக வேலை பார்க்கும் சிங்கப்பூரில் பத்திரிகைக்காரராக இருந்து மந்திரியான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஆர்.எஸ்.மங்கலம், தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து ஆட்களுக்குச் சிங்கப்பூர், மலேயா எல்லாம் புதுப் பெயர்கள் இல்லை. நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் நம்ம ஊரில் இருக்கிறது என்று பெருமை பேசுவோம். அந்தக் கண்மாய் நிரம்பாத வருடங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது கடல் கடந்து வந்த பணத்தால்தான். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் போன தாத்தாக்கள் இல்லாத தெரு நம் பகுதியில் குறைவு. அவர்கள் கடை வைத்தார்கள், சம்பாதித்தார்கள், பெரும்பாலும் ஊருக்கே திரும்பினார்கள். ராஜரத்தினம் திரும்பவில்லை. போன இடத்தையே தன் நாடாக்கிக்கொண்டார். அந்த நாடு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தார்.

1915 பிப்ரவரி 25-ஆம் தேதி யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தார். அப்பா மலேயாவில் சிரம்பானுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிரசவத்துக்காகத்தான் அம்மா யாழ்ப்பாணம் போனது. சில மாதக் கைக்குழந்தையாகவே ராஜரத்தினம் மலேயாவுக்கு வந்துவிட்டார். சிரம்பான், கோலாலம்பூர், அப்புறம் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பள்ளி என்று படிப்பு. 1935-ல் சட்டம் படிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குக் கப்பல் ஏறினார்.

வக்கீலாகத் திரும்ப வேண்டிய பையன் எழுத்தாளராகிவிட்டார்! உலகப் போர் வந்தது, வீட்டுப் பணம் நின்றது, பட்டம் பாதியில் விட்டுப் போயிற்று. கையில் இருந்தது பேனா ஒன்றுதான். லண்டன் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தார். அங்கேயே பிரோஸ்கா என்ற ஹங்கேரியப் பெண்ணைக் காதலித்து மணந்தார். அந்தக் காலத்தில் அவர் எழுதிய சிறுகதைகள் சிலவற்றில் வறட்சியும் பஞ்சமும்தான் விஷயம். மழை தவறிய கிராமம், காய்ந்த மண், வானத்தையே பார்க்கும் மனிதர்கள். ரப்பர் தோட்டத்து ஈரத்தில் வளர்ந்தவர் இதை எப்படி எழுதினார் என்று எனக்கு ஆச்சரியம். நம்ம ஜில்லாக்காரர் யாராவது படித்தால் இது எங்க ஊர்க் கதை என்றுதான் சொல்வார்.

1947-ல் மனைவியோடு மலேயா திரும்பினார். முதலில் மலாயன் டிரிப்யூன், பிறகு சிங்கப்பூர் ஸ்டாண்டர்டு. இந்த ஸ்டாண்டர்டு பத்திரிகையை 1950-ல் ஆரம்பித்த சீன முதலாளி யார் தெரியுமா? சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களிடம் ஊரில் கேட்டு வாங்குவோமே டைகர் பாம், அந்தத் தைலத்தின் சொந்தக்காரர் ஆவ் பூன் ஹாவ்தான். தைலம் விற்ற காசில் நடந்த பத்திரிகையில் ராஜரத்தினம் வெள்ளைக்கார ஆட்சியை விளாசித் தள்ளினார். தன் இஷ்டப்படி எழுதுகிறேன் என்ற பொருளில் அவருடைய பத்திக்குத் தலைப்பு.

1952-ல் சிங்கப்பூர் தபால்காரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு ஆலோசனை சொன்ன இளம் வக்கீல் லீ குவான் இயூ. அவரை ராஜரத்தினத்திடம் அறிமுகம் செய்து வைத்தவர் கோ கெங் சுவீ. வக்கீல் கோரிக்கையைத் தயார் செய்ய, பத்திரிகைக்காரர் ஊர் முழுக்க அந்த நியாயத்தைக் கொண்டுபோனார். தபால்காரர்கள் ஜெயித்தார்கள். சிங்கப்பூரின் பிற்கால அரசியல் இங்கேதான் முளைத்தது என்பது என் எண்ணம். 1954 நவம்பரில் இவர்களோடு டோ சின் சாயும் மற்றவர்களும் சேர்ந்து மக்கள் செயல் கட்சியைத் தொடங்கினார்கள். அதே வருடம் ராஜரத்தினம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகையில் சேர்ந்தார். பகலில் பத்திரிகையில் வேலை, மிச்ச நேரத்தில் சுதந்திரம் கேட்கும் கட்சிக்கு வேலை!

பத்திரிகை ஆபீசிலிருந்து ஆட்சிக்குப் போனவர்கள் உலகத்தில் உண்டு. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஜோசப் ஹோ, அதிகாரிகளின் ஊழலை எழுதி 1835-ல் அவதூறு வழக்கைச் சந்தித்து, பின்னால் அந்த மாகாணத்தின் பிரதமரானார். நம்ம அண்ணாவே திராவிட நாடு வார இதழ் நடத்தி 1967-ல் முதலமைச்சர் ஆனவர்தானே. ஆனால் அவர்கள் இருவரும் தங்கள் மக்களிடம் தங்கள் மொழியில் பேசினவர்கள். ராஜரத்தினத்துக்கு அந்த வசதி இல்லை. ஊரில் நாலில் மூன்று பேர் சீனர்கள். இவர் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். 1959 தேர்தலில் வேலையை விட்டுவிட்டு அவர் நின்ற தொகுதியோ கம்போங் கிளாம். சுல்தான் பள்ளிவாசல் இருக்கும், மலாய்க்காரர்களின் பழைய பேட்டை. மலாய்ப் பேச்சு சரளமாக வராத, யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் அங்கே ஜெயித்தார். 1988 வரை அந்தத் தொகுதி அவரிடமே இருந்தது.

மொத்தம் 51 இடத்தில் கட்சிக்கு 43. ராஜரத்தினம் கலாசார அமைச்சர். கலாசாரம் என்றால் ஏதோ விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றும் இலாகா என்று நினைக்காதீர்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று தனித்தனியாக வாழ்ந்த ஜனங்களை ஒரே மேடைக்கு முன்னால் உட்கார வைப்பதுதான் அவருக்கு வேலை. திறந்தவெளியில் நாலு இனத்துக் கலைகளையும் கலந்து இலவச நிகழ்ச்சிகள் நடத்தினார். 1959 டிசம்பரில் புதுக் கொடி, கீதம், சின்னம் வந்தன. 1963 பிப்ரவரியில் டெலிவிஷன் ஒளிபரப்பைத் தொடங்கி வைத்ததும் அவரே. தேசிய நாடக அரங்குக்கு ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல் என்று சாதாரண ஜனங்களிடம் பணம் திரட்டினார்கள். சிவில் நண்பர்களுக்கு ஒரு தகவல்: அந்த அரங்கின் பெரிய கூரை, முன்பக்கம் தூண் இல்லாமல் நீட்டிக் கட்டிய கேன்டிலீவர். 1986-ல் அதை இடித்துவிட்டார்கள். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

1963 செப்டம்பரில் சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்து ஒரு மாநிலமானது. மாநில மந்திரியாக இருந்த அந்த இரண்டு வருடமும் இன அரசியல் கொதித்தது. 1964-ல் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. 1965 ஆகஸ்டில் லீ குவான் இயூ அவரைக் கோலாலம்பூருக்கு வரச் சொல்லி, பிரிவினை ஒப்பந்தத்தை முன்னால் வைத்தார். ராஜரத்தினம் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் வளர்ந்த சிரம்பானும் வேலை பார்க்கும் சிங்கப்பூரும் அவருக்கு ஒரே நாடு. வாழ்க்கை முழுக்க அப்படித்தான் எழுதியிருந்தார். வேறு வழியில்லை என்று பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் கடிதம் அனுப்பிய பிறகே, டோ சின் சாயும் அவரும் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்டு 9-ஆம் தேதி சிங்கப்பூர் தனி நாடு. சொந்த நாட்டிலேயே அவர் இன்னொரு தடவை புலம்பெயர்ந்தவர் ஆனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுமார் 19 லட்சம் பேர் கொண்ட அந்தத் தீவுக்கு அவர்தான் முதல் வெளியுறவு அமைச்சர். தூதரகம் கிடையாது, அனுபவப்பட்ட அதிகாரிகள் கிடையாது. செப்டம்பர் 21-ல் ஐ.நா. சபையில் இடம் வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1967 ஆகஸ்டு 8-ல், பாங்காக்கில் ஐந்து நாட்டு மந்திரிகள் கையெழுத்திட்டு ஆசியான் அமைப்பை உண்டாக்கினார்கள். சிங்கப்பூருக்காகப் போட்ட கையெழுத்து ராஜரத்தினத்துடையது. கொஞ்ச காலம் முன்புவரை சிங்கப்பூரில் குண்டு வைத்துக்கொண்டிருந்த இந்தோனேசியாவும் அந்த ஐந்தில் ஒன்று. 1980 வரை அதே இலாகா, அப்புறம் துணைப் பிரதமர், மூத்த அமைச்சர்.

இதற்கு நடுவில் 1966 பிப்ரவரியில் அவர் எழுதிக் கொடுத்த சில வரிகள்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் கேட்கின்றன. நாட்டின் உறுதிமொழிக்கு முதல் வரைவு அவருடையது. லீ குவான் இயூ திருத்தினார். அந்த வருடம் ஆகஸ்டிலிருந்து பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பையன் தினமும் காலையில் நெஞ்சில் கை வைத்து அதைச் சொல்கிறான். இனம், மொழி, மதம் என்ற பேதம் கூடாது என்பது அதன் சாரம். நாங்கள் நிரந்தரவாசிகள். பையன் வளர்ந்தால் தேசிய சேவைக்குப் போக வேண்டும். சிங்கப்பூர்ப் பிரஜையாகிவிடலாமா, இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஊருக்குப் பேசினால் அம்மாவுக்கு ஒரே பேச்சுதான், வந்துடுப்பா என்று. ராஜரத்தினத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவரை நம்மாளு என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சந்தோஷம் உண்டு. தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் அந்தப் பெயர் வந்தால் கைதட்டல் தனி. ஆனால் அவருக்கு அந்தக் கைதட்டல் அவ்வளவாகப் பிடித்திருக்காது. தன்னை ஒரு இனத்தின் பிரதிநிதியாக அவர் காட்டிக்கொண்டதே இல்லை. பிறப்பால் வருவதைவிட நாமாகத் தேர்ந்து சேர்வதே நாட்டுப்பற்று என்பது அவர் கட்சி. வெளிநாட்டில் நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப், நம்ம ஊர்க் கடை, நம்ம ஊர் பிரியாணி என்று வட்டம் போட்டுக்கொண்டு வாழும் என்னைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்துகிற சங்கதி.

இன்னொரு உறுத்தலும் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில் பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வாதாடிய மனிதர், தான் அமைச்சராக இருந்த காலத்தில் பத்திரிகைகளின் கழுத்து இறுகியதைப் பார்த்தார். 1971-ல் சீனப் பத்திரிகை ஒன்றின் நிர்வாகிகள் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்கள். ஹெரால்டு பத்திரிகையின் உரிமம் ரத்தானது. 1974-ல் பத்திரிகை நிர்வாகத்தில் அரசாங்கத்தின் பிடியை உறுதிசெய்யும் சட்டம் வந்தது. அவர் அரசாங்கத்தின் பக்கமே நின்றார். இனக்கலவரத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அச்சுப் பிழையும் தீக்குச்சியாகத் தெரியும் என்று அவருக்காக வாதாடலாம். வாதாடிப் பார்த்தேன், எனக்கே முழுசாகத் திருப்தி வரவில்லை. 1952-ல் தபால்காரர்களுக்காக எழுதிய ராஜரத்தினம் 1974-ல் ஒரு பத்திரிகையில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்?

1988-ல் அரசியலிலிருந்து ஓய்வு. அடுத்த வருடம் பிரோஸ்கா போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. கடைசி வருடங்களில் மறதி நோய் வந்து, வார்த்தைகளாலேயே வாழ்ந்த மனிதரிடமிருந்து வார்த்தைகளை வாங்கிக்கொண்டது. 2006 பிப்ரவரி 22-ல் காலமானார். 25-ஆம் தேதி அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அன்று அவருக்கு 91 வயது நிறைந்திருக்கும். அடுத்த வருடம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் கல்விக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். மேல்படிப்புக்கு அங்கே வரும் நம் கல்லூரி மாணவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம்.

அவருடைய சிறுகதைகளும், இன ஒற்றுமையைப் பற்றி 1957-ல் அவர் எழுதிய ஆறு பாக வானொலி நாடகமும் 2011-ல் ஒரே புத்தகமாக வந்திருக்கின்றன. சந்திப்புக்கு வரும்போது கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி கொண்டுவருகிறேன். இங்கிலீஷ் எளிமையானதுதான், முதலாம் ஆண்டு மாணவர்களும் தைரியமாக எடுக்கலாம். வறட்சிக் கதையை முதலில் படியுங்கள்.