முள்ளில் மலர்ந்த மகிழ்ச்சி

நுழையும்முன்

நலமும் வளமும் நிறைந்த நாளில் மகிழ்ந்திருப்பது எல்லார்க்கும் இயலும். உடல் நோகும்போதும், உற்றார் பிரியும்போதும், வேண்டியது கைகூடாதபோதும் உள்ளம் வாடாதிருப்பது சிலர்க்கே வாய்க்கிறது. அச்சிலரும் தம் மகிழ்ச்சியைத் தமக்கென வைத்துக்கொள்வதில்லை, ஆதரவற்றோர்க்குப் பகிர்ந்தளிக்கின்றனர். அயர்லாந்தில் பிறந்து, தமிழ் மண்ணில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயாக விளங்கிய ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கை அத்தகையது.

மலையடிவாரத்து ஊர்

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலையாக உயர்ந்து நிற்கும் மேற்குத்தொடர்ச்சி மலை, தென்திசையில் நீண்டு களக்காட்டு மலையாகிறது. கொங்கு நாட்டுக்கு ஆழியாற்றைத் தரும் அம்மலைத்தொடரின் தென்பகுதியில், திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காட்டுக்கு அருகே டோனாவூர் என்னும் சிற்றூர் உள்ளது. 1827ஆம் ஆண்டில், பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா என்பவரின் பொருளுதவியால் உருவான ஊர் ஆதலின் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இவ்வூரின் பெயர் பிற்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்டது. அதற்குக் காரணமானவர், ஊரார் அம்மா என்று அழைத்த ஏமி கார்மைக்கேல்.

நீலக் கண்களை வேண்டிய சிறுமி

ஏமி, 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள மில்லிஸ்லே என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தோர் எழுவருள் அவரே மூத்தவர். தந்தை மாவு ஆலை நடத்தி வந்தார். தாய் இறைப்பற்று மிக்கவர். சிறுமி ஏமிக்கு ஒரு குறை இருந்தது. தாயின் கண்களைப் போலத் தம் கண்களும் நீலமாக இருக்கவேண்டும் என விரும்பினார். இரவில் இறைவனிடம் வேண்டிக்கொண்டு உறங்கினார். விடிந்ததும் ஆவலோடு கண்ணாடியின்முன் நின்றார். கண்கள் பழுப்பாகவே இருந்தன. வேண்டியது கிடைக்காமையும் இறைவன் தரும் விடைகளுள் ஒன்று என்பதை அச்சிறுமி அன்று கற்றுக்கொண்டார். அப்பாடத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் பயில நேர்ந்தது.

செல்வத்தோடு வாழ்ந்த குடும்பம் தொழிலில் சரிவு கண்டது. 1885இல் தந்தை மறைந்தார். பதினேழு வயதான ஏமி, தம்பி தங்கையரைப் பேணுவதில் தாய்க்குத் துணைநின்றார். தம் வீட்டில் துயரம் சூழ்ந்திருந்த அக்காலத்திலேயே பெல்பாஸ்ட் நகரின் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களை நாடிச் சென்றார். தொப்பி வாங்க வசதியின்றி, சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்த அப்பெண்களை நகரத்தார் தாழ்வாகக் கருதினர். அவர்கள் கூடி வழிபடவும் கற்கவும் தகரத்தால் ஆன பெரிய கூடம் ஒன்றை எழுப்பச் செய்தார் ஏமி.

கடல் கடந்த பயணம்

தொலைநாட்டில் தொண்டாற்ற வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. சீனத்துக்குச் செல்ல முயன்றார். உடல்நலம் போதாது என்று மறுக்கப்பட்டார். 1893இல் ஜப்பானுக்குச் சென்றார். ஓராண்டுக்குச் சற்று மிகுதியாகவே அங்குத் தங்க முடிந்தது. நரம்புவலி அவரை வாட்டியது. இலங்கை வழியாகத் தாயகம் திரும்பினார். உடலும் வாய்ப்புகளும் ஒருசேரக் கைவிட்ட நிலையிலும் அவர் தம் முயற்சியைக் கைவிடவில்லை. 1895ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியா வந்து பெங்களூருவில் பணியைத் தொடங்கினார். அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய தாமஸ் வாக்கர் என்பவரிடம் தமிழ் கற்றார். கல்வியறிவுடன் களப்பணியும் வளர்ந்தது. சேலை உடுத்தி, பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். சிறுவயதில் அவரை ஏங்கவைத்த பழுப்புக் கண்கள், தமிழ்ப் பெண்களிடையே அவரை அயலாராகக் காட்டாமல் காத்தன. கிடைக்காத நீலக் கண்களின் பொருள் அவருக்கு அப்போது விளங்கியது.

தாயான கதை

1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நாள், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஏமியிடம் அடைக்கலம் தேடி வந்தாள். பிரீனா என்பது அவள் பெயர். பொட்டுக்கட்டும் வழக்கத்தின்படி கோயிலுக்கு ஒப்படைக்கப்பட இருந்தவள் அவள். முன்னொருமுறை தப்பித் தாயிடம் ஓடியபோது திருப்பி அனுப்பப்பட்டாள். தண்டனையாக அவள் கைகளில் சூடு வைக்கப்பட்டது. இம்முறை அவள் அடைந்த மடி அவளைக் கைவிடவில்லை. அச்சிறுமி சொன்ன செய்திகள் ஏமியின் வாழ்வைத் திசைதிருப்பின. ஊர்தோறும் சென்று சமயப்பணி ஆற்றிவந்தவர், டோனாவூரில் நிலையாகத் தங்கிக் குழந்தைகளைக் காக்கும் தாயானார்.

குழந்தைகளைப் பொட்டுக்கட்டும் கொடுமையைச் சட்டத்தால் ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிற்காலத்தில் சட்டமன்றத்தில் போராடினார். சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1947இல் நிறைவேறியது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, சட்டத்தின் துணையின்றி ஏமி அப்பணியைத் தொடங்கியிருந்தார்.

டோனாவூர் இல்லத்துக்கு வந்த குழந்தைகள் பலர்க்குப் பிறந்தநாள் தெரியாது. ஏமி அதற்கு ஒரு வழி கண்டார். இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளையே ஒவ்வொரு குழந்தைக்கும் கொண்டாட்ட நாளாக்கினார். யாருக்கும் வேண்டாதவளாக வந்த குழந்தை, ஆண்டுதோறும் தன் வருகையை ஒரு குடும்பமே கொண்டாடக் கண்டாள். குழந்தைகளுக்கென அவரே பாடல்கள் இயற்றினார். பூக்களும் பறவைகளும் மலைச்சாரலின் குளிர்ந்த நீரும் அவர்களின் பாடங்களாயின. 1918 முதல் ஆண் குழந்தைகளும் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர்.

இழப்புகளின் நடுவே

அந்த இல்லத்தில் சிரிப்பொலி மட்டுமே கேட்டது எனக் கருதுதல் தவறாகும். நெய்யூரில் கைக்குழந்தைகளுக்காக அமைத்த இல்லத்தில் வயிற்றுக்கடுப்பு நோய் பரவிக் குழந்தைகள் பலர் இறந்தனர். குழந்தையை மீட்டுக்கொள்ள வந்தவர்களால் ஏமியின்மீது கடத்தல் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைக்கக்கூடும் என்ற அச்சம் சூழ்ந்திருந்த நிலையிலும் அவர் குழந்தையை ஒப்படைக்க இசையவில்லை. 1914இல் அவ்வழக்குத் தள்ளுபடியானது. வழிகாட்டியாய் விளங்கிய வாக்கர் 1912இல் மறைந்தார். வலக்கையாய் இருந்த பொன்னம்மாள் 1915இல் புற்றுநோய்க்கு இரையானார்.

ஒவ்வோர் இழப்பின்போதும் ஏமி அழுதார். அழுகையை மறைக்கவும் இல்லை. ஆயினும் மறுநாள் காலையில் குழந்தைகளுக்கு முன் பாட்டோடு நின்றார். கிறித்துவின்மீது அவர் கொண்ட நம்பிக்கையே அந்த ஆற்றலின் ஊற்று. சிலுவையில் துன்புற்றவர் தம் துன்பத்தையும் அறிவார் என்று அவர் உறுதியாக நம்பினார். தம்மைத் தாங்கும் கைகள் உள்ளன என்னும் தெளிவு, பிறரைத் தாங்கும் வலிமையை அவருக்குத் தந்தது.

இருபதாண்டுப் படுக்கை

1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மாலை, களக்காட்டில் மருந்தகத்துக்காகச் செப்பனிடப்பட்டு வந்த வீட்டைப் பார்வையிடச் சென்றார். மங்கிய ஒளியில், அங்கே வெட்டப்பட்டிருந்த குழியைக் காணாது அதனுள் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. சில வாரங்களில் எழுந்து நடப்பார் என்றே யாவரும் எண்ணினர். அவ்வாறு நடக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள் சேர்ந்தன. மலையேறியும் ஊர்கள்தோறும் அலைந்தும் பழகியவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓர் அறைக்குள் அடங்கினார். 1948இல் அவ்வறையிலேயே மீண்டும் விழுந்தபின் படுக்கையை விட்டு எழ இயலாதவரானார்.

நலம்பெற வேண்டும் என அவர் இறைவனிடம் மன்றாடினார். இல்லத்தார் அனைவரும் மன்றாடினர். நீலக் கண்களை வேண்டிய அந்த நாளைப் போலவே, கேட்டது கிடைக்கவில்லை. உறங்கமுடியாத இரவுகளில் வலி அவரைச் சோர்வுறச் செய்தது. ஊர்க்கெல்லாம் சுமைதாங்கியாய் இருந்த தாம் பிறர்க்குச் சுமையானோமே என்னும் வருத்தமும் எழுந்தது. அவர் அதனோடு போராடியே மகிழ்ச்சியை மீட்டார்.

நோயுற்றோர்க்கு ஆறுதல் சொல்லும் நூல்கள் அவரிடம் வந்து குவிந்தன. அவை நலமுள்ளோர் நோயாளிகளுக்கு எழுதியவை. வலியின் உள்ளே இருப்பவரின் குரல் அவற்றில் இல்லை என்பதை ஏமி உணர்ந்தார். ஒரு நோயாளி மற்றொரு நோயாளிக்கு எழுதும் நூலைத் தாமே எழுதினார். 1933இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்னும் அந்நூலின் பெயருக்கு முட்புதரில் பூத்த ரோசா என்று பொருள்கொள்ளலாம். அவர் எழுதிய ஏறத்தாழ முப்பத்தைந்து நூல்களுள் பத்துக்கும் மேற்பட்டவை படுக்கையில் இருந்தபடி எழுதப்பட்டவை. முன்பின் அறியாத நாடுகளில் நோயுற்றுக் கிடந்தோர் அவற்றைப் படித்து ஆறுதல் பெற்றனர். மாட்டுவண்டி சென்றடைய முடியாத இடங்களுக்கு அவர் எழுத்து சென்றது. இல்லத்தின் பிள்ளைகள் முறைவைத்து அவரைக் காண வந்தனர். தாலாட்டி வளர்த்த தாய்க்கு, வளர்ந்த பெண்கள் இரவும் பகலும் பணிவிடை செய்தனர்.

பறவைகள் வந்தமரும் நினைவிடம்

1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் ஏமி கார்மைக்கேல் மறைந்தார். தம் கல்லறையின்மீது கல் எதுவும் நாட்டவேண்டா என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அச்சொல்லை மீறவில்லை. எனினும் வெறுமையாக விட மனம் இசையாமல், பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை அங்கு அமைத்தனர். அதில் அம்மா என்னும் ஒரு சொல் மட்டுமே பொறிக்கப்பட்டது.

ஏமி கேட்டவற்றுள் பல அவருக்குக் கிடைக்கவில்லை. நீலக் கண்கள் கிடைக்கவில்லை, சீனம் கிடைக்கவில்லை, இறுதிவரை உடல்நலமும் கிடைக்கவில்லை. கிடைக்காதவற்றை எண்ணி ஏங்காமல், தம் கைக்கு எட்டிய குழந்தையை அவர் வாரி எடுத்துக்கொண்டார். நம்பிக்கையில் வேரூன்றிய மகிழ்ச்சி சூழ்நிலை மாறும்போது உதிர்ந்துவிடுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்று. மலையிலிருந்து இறங்கும் காற்றில் இன்றும் பறவைகள் அத்தொட்டியை நாடி வருகின்றன.

கற்பவை கற்றபின்...

1. வேண்டியது கிடைக்காமையும் ஒரு விடையே என்னும் கருத்து ஏமி கார்மைக்கேலின் வாழ்வில் வெளிப்படும் இடங்களைத் தொகுத்து எழுதுக.

2. நோயுற்ற நண்பருக்கு ஆறுதல் கூறும் கடிதம் ஒன்றை எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.

3. உங்கள் ஊரில் ஆதரவற்றோர்க்குத் தொண்டாற்றி மறைந்த ஒருவரைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.