ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

இராமநாதபுரத்துக் கடலோரத்தே, மன்னார் வளைகுடாவை நோக்கியமைந்த புதுமடம் போன்ற ஊர்களிற் பிறந்த சிறுவருட் சிலர், பழுதுற்ற வானொலிப் பெட்டியொன்று கையிற் கிட்டிவிட்டால் அதன் திருகுகளைக் கழற்றி உள்ளே யாதுளதெனக் காணாமல் உறங்கார். கழற்றியதை மீண்டும் பூட்டத் தெரியாது வீட்டாரிடம் வசைபெறுவோரும் அவருட் பலர். இத்தகையோர் கல்லூரிக்கு வந்தபின், மின்னணுத் துறைக்குள் நுழையும் வாயில் யாதென வினவுகின்றனர். செல்வமோ, பெரும் ஆய்வுக்கூடமோ, அயல்நாட்டுப் பட்டமோ இன்றி அவ்வாயில் திறவாதென்று மனந்தளர்வோரும் உளர். அன்னார்க்கு ஒரு பெரியாரின் வரலாறு ஊன்றுகோலாகும் என்று கருதி இதனை வரைகின்றோம்.

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வங்காளத்திற் பிறந்தார். அவர்தம் முன்னோரின் ஊராகிய ராரிகால் இப்பொழுது வங்காள தேசத்தின்கண் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் டிப்டி மாஜிஸ்திரேட் உத்தியோகம் வகித்தவர். பிரம சமாஜத்தைச் சார்ந்தவர். அக்காலத்து உத்தியோகஸ்தர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையெனக் கொண்டனர். பகவான் சந்திரரோ, மைந்தன் தாய்மொழியையும் தன் நாட்டு மக்களையும் முதற்கண் அறிதல் வேண்டுமென்று வங்காளப் பாடசாலைக்கே அனுப்பினார். அங்கே சிறுவனுக்கு வலப்புறம் தந்தையாரின் பணியாளராகிய முஸ்லிம் ஒருவரின் மகனும், இடப்புறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அத்தோழர் சொல்லிய கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம்முள் விதைத்தன என்று போஸ் முதுமையில் நினைவுகூர்ந்தார். நம் கடற்கரைப் பள்ளிகளில் இன்றும் அவ்வாறே அருகருகிருந்து பயிலும் சிறுவர்க்கு இச்செய்தி புதியதன்று.

கையின் பயிற்சியும் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. பர்த்வானில் கொள்ளைநோயாற் பெற்றோரை இழந்த சிறுவர்க்குத் தொழில் கற்பிக்கத் தந்தையார் பட்டறைகள் அமைத்தார். தச்சும் உலோக வேலையும் நடந்த அவ்விடத்தை மைந்தர் தம் விளையாட்டிடமாகக் கொண்டார்.

1869இல் கல்கத்தா சென்ற அவர் ஹேர் பள்ளியிற் சில காலம் பயின்று, பின் புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் கற்றார். கல்லூரியிலே லபோன் பாதிரியார் என்னும் பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி பௌதிகம் போதித்து வந்தார். நூலிலுள்ளதை உருப்போடச் செய்வதோடு நில்லாது, கருவிகளை மாணாக்கர் கண்முன் இயக்கிக் காட்டி விளக்குவதிற் பெயர்பெற்றவர் அவர். பாதிரியாரின் சோதனை மேடையே போஸைப் பௌதிகத்தின்பால் ஈர்த்தது. ஒரு மிஷன் கல்லூரி நாட்டிற்குச் செய்யக்கூடிய தொண்டு எத்தகையதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் வழி நேராக அமையவில்லை. ஐ.சி.எஸ். பரீட்சைக்குச் செல்ல விரும்பியபோது தந்தையார் இசையவில்லை. 1880இல் மருத்துவங் கற்க இலண்டன் சென்றார். முன்னரே பற்றியிருந்த காய்ச்சல், பிணம் அறுக்கும் கூடத்தின் நாற்றத்தால் மிகுந்தது. மருத்துவத்தைக் கைவிட நேர்ந்தது. அத்தோல்வியே அவரைக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குக் கொண்டுசென்றது. அங்கே இயற்கை விஞ்ஞானம் கற்று, ராலே பிரபு முதலிய பேராசிரியரிடம் அளவையின் நுட்பத்தையும் சோதனையின் ஒழுங்கையும் பயின்றார். 1884இல் கேம்பிரிட்ஜ், இலண்டன் என்னும் இரு சர்வகலாசாலைகளின் பட்டங்களையும் பெற்றார்.

1885இல் தாயகம் மீண்டு கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியரானார். அந்நாளில் ஒரே வேலைக்கு ஐரோப்பியர் பெற்ற சம்பளத்தில் மூன்றிலிரண்டு பங்கே இந்தியர்க்குரியது. போஸின் நியமனம் தற்காலிகமானதால் அதிலும் பாதி குறைந்து மூன்றிலொரு பங்கே எஞ்சியது. அவர் வாய்ச்சண்டை விளைக்கவில்லை, வேலையை விடவுமில்லை. சம்பளத்தைத் தொடாமல், பாடத்தை மட்டும் குறைவறக் கற்பித்து மூன்றாண்டு கழித்தார். வீட்டிலோ தந்தையார் பட்ட கடன் மலைபோல் நின்றது. 1887இல் அபலா அம்மையாரை மணந்ததும் இவ்வறுமைக் காலத்திலேயாம். அவ்வம்மையார் நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். உடல்நலக் குறைவால் அப்படிப்பை முடிக்க இயலவில்லை. இறுதியில் அரசாங்கத்தார் போஸின் தகுதியை உணர்ந்து, தொடக்கநாள் முதற் கணக்கிட்டு முழுச் சம்பளத்தையும் அளித்தனர். அத்தொகை கடன் தீர்க்க உதவிற்று.

கல்லூரியில் அவர்க்கு ஆராய்ச்சிச் சாலை என ஒன்றில்லை. 24 சதுர அடி அளவேயுள்ள சிற்றறையொன்றில், முறையான பயிற்சியில்லாத தகரவேலைக்காரர் ஒருவரைத் துணைக்கொண்டு, தம் கருவிகளைத் தாமே செய்வித்தார். 1894இல் தம் பிறந்தநாளன்று ஆராய்ச்சியே தம் வாழ்வென உறுதி பூண்டார். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் மின்னலைகள் உளவென்பதை முன்னரே நிறுவி, அவ்வாண்டின் முதல் நாளில் இளமையிலேயே மறைந்திருந்தார். அவர் ஆண்ட அலைகள் நீண்டவை. அவற்றை ஆராயப் பெருங் கருவிகள் வேண்டும். போஸ் அலைநீளத்தை 5 மில்லிமீட்டர் வரை குறுக்கினார். அலை குறுகவே கருவியும் சிறுத்து மேசையொன்றில் அடங்கிற்று. இடமின்மையும் பொருளின்மையும் அவர்க்குத் தடையாகாது போனமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அலைகளை ஏற்க அவர் அமைத்த உலோகப் புனல் இன்றும் நுண்ணலைக் கருவிகளிற் காணப்படுகின்றது. இருப்புத்தூளாலாகிய ஏற்பிகள் வங்காளத்தின் வெப்பமும் ஈரமுங் கலந்த காற்றிற் துருவேறிக் கெட்டன. ஆகவே சிறு எஃகுச் சுருள்களைக் கொண்டு வேறொன்று சமைத்தார். ஒளியைப்போல் மின்னலையும் ஒரு தளத்தில் அடங்குமென்று காட்ட, ரயில்வே அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். முறுக்கிய சணற்கற்றை அலையின் தளத்தைத் திருப்புவதையும் கண்டார். சணலும் புத்தகமும் தகரமும் வங்காளத்துக் கடைத்தெருவிற் கிடைப்பன. அவற்றை வினவும் அறிவே அரியது. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் காண, சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையால் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1897 ஜனவரி 29ஆம் நாள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் சோதனைகளை நிகழ்த்திக் காட்டினார்.

அறிவை விற்பனைப் பொருளாக்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. நண்பர் வற்புறுத்தலால் 1901இல் விண்ணப்பித்து, 1904இல் அமெரிக்க நாட்டுக் காப்புரிமையொன்று அவர் பெயரால் வழங்கப்பட்டது. அதனையும் அவர் பொருளீட்டப் பயன்படுத்தினாரல்லர். அவ்வுரிமை கலீனா என்னும் ஈயத் தாதுக்கல்லால் மின்னலையை அறியும் கருவிக்குரியது. இக்கல் குறைகடத்தி இனத்தைச் சார்ந்தது. பிற்காலத்து டிரான்சிஸ்டருக்கும் சில்லுக்கும் மூலமாகிய குடும்பம் அதுவே.

இங்கே ஒன்று கருதத்தக்கது. 1920ஐ அடுத்த ஆண்டுகளில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியபொழுது, உலகெங்கும் இளைஞர் இத்துறைக்குள் நுழைந்த வாயில் அக்கற்றுண்டேயாம். கம்பிச் சுருளொன்று, கலீனாத் துண்டொன்று, அதனைத் தொடும் நுண்கம்பியொன்று, செவியில் வைக்குங் கருவியொன்று: இவையிருப்பின் மின்கலமுமின்றி அருகிலுள்ள நிலையத்தின் குரலைக் கேட்கலாம். சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பரும் 1924இல் வானொலிச் சங்கம் நிறுவி ஒலிபரப்பியதும் இத்தகைய ஆர்வலர் முயற்சியே. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அச்சங்கம் ஓய்ந்தது. ஆயின் அது மூட்டிய ஆர்வம் ஓயவில்லை.

போஸ் பின்னர்த் தாவரங்களின் உணர்ச்சியை அளக்கும் ஆராய்ச்சியிற் புகுந்தார். அத்துறையில் அவர் கொண்ட முடிவுகள் சிலவற்றை அறிஞர் மறுத்தனரேனும், அவர் செய்த கருவிகளின் நுட்பத்தை யாவரும் வியந்தனர். 1917இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவினார். 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் உயிர்நீத்தார். மின்பொறியாளரின் உலகச் சங்கமாகிய ஐ.இ.இ.இ. 2012இல் அவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளைத் துறையின் மைல்கற்களுள் ஒன்றாக அறிவித்தது. ஐந்தாந் தலைமுறைத் தொலைபேசிக்கு இன்று அவ்வகை அலைகளையும் பயன்கொள்கின்றனர்.

மாணவ நண்பர்காள்! போஸுக்கு வாயில் திறந்தவர் யாவர்? கதை சொன்ன மீனவச் சிறுவன், பட்டறையில் உழைத்த தொழிலாளர், சோதனை காட்டிய பாதிரியார், தகரம் வெட்டிய பணியாளர் ஆகிய இவரெல்லாருமே. மருத்துவக் கூடத்தில் நேர்ந்த தோல்விக்கும் அதிற் பங்குண்டு. நம் கடற்கரையில் உப்புக்காற்றாற் துருப்பிடித்துப் பேச்சற்றுக் கிடக்கும் வானொலிகளுக்கும் படகுக் கருவிகளுக்கும் குறைவில்லை. அவற்றுள் ஒன்றைத் திறந்து, எப்பகுதி ஏன் கெட்டதென்று வினவத் தொடங்குக. கல்கத்தாவின் ஈரக்காற்று ஒரு பேரறிஞர்க்கு விடுத்த வினாவும் அதுவே.