முயல் தாயைத் தந்த மார்கரெட்

எழுத்தறியாச் சிறு குழந்தைகளுக்கும் புத்தகம் உண்டு. அன்னையின் மடியில் அமர்ந்து, படத்தைப் பார்த்துக் கொண்டே காதால் கேட்கும் புத்தகம் அது. அத்தகைய படப் புத்தகங்களால் புகழ் பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் மார்கரெட் வைஸ் பிரவுன் அம்மையார்.

இவர் 1910ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பெற்றோரிடையே ஒற்றுமை இல்லை. 1923இல் அவர்கள் நம் இந்தியாவில் இருந்தபோது, மகள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உறைவிடப் பள்ளியில் இருந்தாள். விடுதியில் தங்கிப் படிக்கும் எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1932இல் ஹாலின்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றபின், நியூயார்க்கில் பேங்க் ஸ்ட்ரீட் என்னும் ஆசிரியப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். எழுதியதைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டித் திருத்தும் பழக்கம் அங்கு ஏற்பட்டது. 1937இல் முதல் நூல் வெளிவந்தது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள்!

1942இல் வந்த 'தி ரன்அவே பன்னி' நூலில், வீட்டைவிட்டு ஓடப் போவதாக முயல்குட்டி தாயை மிரட்டுகிறது. மீனாவேன் என்றால் தாய் மீன் பிடிப்பவளாகிறாள். பறவையாவேன் என்றால் அது வந்து அமரும் மரமாகிறாள். தூண்டிலில் புழுவுக்குப் பதில் கேரட்டைக் கோத்து, கிளெமென்ட் ஹர்ட் என்னும் ஓவியர் வரைந்த படத்தைக் கண்டு நாங்கள் சிரித்தோம். பிள்ளையைத் தன் போக்கில் விடாத தாய் என்ன தாய் என்று எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வாதாடினாள். விடுதி மாணவியர் ஒருவர்கூட அதை ஒப்பவில்லை.

அதே ஓவியருடன் 1947இல் 'குட்நைட் மூன்' வந்தது. அதில் முயல்குட்டி அறையிலுள்ள ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் சொல்லி உறங்குகிறது. சுவரில் மாட்டியுள்ள படத்தை உற்றுப் பார்த்தால், பழைய புத்தகத்துத் தாய்முயல் மீன் பிடித்துக் கொண்டிருக்கும்! இந்நூலில் உருக்கம் மிகுதி என்று கருதி நியூயார்க் பொது நூலகம் வாங்க மறுத்துவிட்டது.

இவ்வளவு எழுதிய மார்கரெட்டுக்கு மணமும் ஆகவில்லை, மக்களும் இல்லை. நாய்களுடன் ஓடி முயல் வேட்டையாடுவதில் விருப்பமுள்ளவராக இருந்தார் என்பதைப் படித்தபோது எங்களுக்கு வருத்தமாகவே இருந்தது. ஆயினும் பெற்றால்தான் தாயன்பு தெரியும் என்பாரிடம் எங்கள் விடுதிக்கு வந்து பாருங்கள் என்போம். இரவில் காய்ச்சல் கண்டால் விழித்திருப்பவர் சிஸ்டர்தாமே!

1952இல் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நலமாகி விட்டேன் என்று காட்ட விளையாட்டாகக் காலை உயர்த்தி உதைத்தார். இரத்தக் கட்டி நகர்ந்து அடைத்தது. நவம்பர் 13ஆம் நாள், 42 வயதில் மறைந்தார். மெய்ன் மாநிலத்தில், அவர் நேசித்த தீவு வீட்டருகே சாம்பலைத் தூவினர்.

நூலகம் 'குட்நைட் மூன்' நூலை வாங்கியது 1972இல்.