முன்சீப் வேதநாயகர்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை யார் என்றால், தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். அவர் எந்த நாற்காலியில் அமர்ந்து சம்பளம் வாங்கினார் என்று கேட்டால், படித்தவர்களே சற்றுத் தயங்குவார்கள். சிவில் கோர்ட்டுதான் அவருடைய தொழில். வரப்புத் தகராறு, வாய்க்கால் பாத்தியதை, பாகப்பிரிவினை, அடைமானம், கடன் பத்திரம் என நாட்டு மக்களின் வழக்கெல்லாம் அவர் முன்னால் வந்து நின்றது. அந்தக் கோர்ட்டே அவரை எழுத்தாளராக்கியது என்பது நம் துணிபு.

1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். திருச்சிக் கோர்ட்டின் மொழிபெயர்ப்பாளர் தியாகராய பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அதே கோர்ட்டில் முதலில் பத்திரக் காப்பாளர், பிறகு மொழிபெயர்ப்பாளர். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் வேலை கிடைத்தது. அடுத்துச் சீர்காழி, பின்னர் மாயூரம். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள்!

வெள்ளையன் ஆட்சியில் பதவி கிடைத்ததும் கிராப்பையும் கோட்டையும் தேடி ஓடியவர்கள் பலர். இவரோ தமிழைத் தேடினார். அன்று சென்னை சதர் கோர்ட்டின் தீர்ப்புகள்தான் கீழ்க் கோர்ட்டுகளுக்கு வழிகாட்டி. ஆனால் அவை ஆங்கிலத்தில் இருந்தன. நிலத்தை இழப்பவன் தமிழன். எந்த நியாயத்தால் இழந்தோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் திரட்டி, தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862-இல் வெளியிட்டார் வேதநாயகர். சதர் கோர்ட்டு போய் ஐகோர்ட்டு பிறந்ததும் அதே ஆண்டுதான். ‘பிரிவுச் சட்டம்’, ‘உட்பிரிவு’ என்று இன்று நாம் எளிதாகச் சொல்லும் சொற்கள் கைக்கு எட்டாத காலத்தில், தனி மனிதர் ஒருவர் கோர்ட்டு வேலை முடிந்த நேரத்தில் செய்த காரியம் அது! நாவலைவிட இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். புலவர்கள் சண்டைக்கு வரட்டும்.

1859-இல் வந்த அவரது நீதிநூலில் கைக்கூலி வாங்குவோருக்குச் சரியான சவுக்கடி உண்டு. கோர்ட்டுக்குள்ளேயே இருந்து கண்டவரல்லவா! 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலும், தமிழ்நாட்டுக் கோர்ட்டில் ஆங்கிலத்தில் வாதாடும் தமிழ் வக்கீல்களை நையாண்டி செய்து தீர்த்திருக்கிறார்.

பிறப்பால் கிறித்தவர். ஆனாலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு உற்ற நண்பர். அந்த மகாவித்துவானே இவர்மீது ‘குளத்துக் கோவை’ பாடினார். பெண் கல்விக்காக 1869-இல் ‘பெண்மதி மாலை’ எழுதினார். 1870-களின் கொடும் பஞ்சத்தில் கைப்பொருளைக் கரைத்துக் கஞ்சி வார்த்தார். 1889 ஜூலை 21-இல் மறைந்தார்.

அவர் விட்ட இடத்தில் நாடு எவ்வளவு நடந்திருக்கிறது? 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1976-இல் அதைத் திருத்திக் கீழ்க் கோர்ட்டுகளுக்கும் தமிழைக் கொண்டு சென்றார்கள். ஐகோர்ட்டிலும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. டில்லி இசையவில்லை. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில ஐகோர்ட்டுகளில் இந்திக்கு இடம் உண்டு. தமிழுக்கு மட்டும் கதவடைப்பு ஏன் என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

ஆலங்குளத்துக் கரிசல்காட்டுக்காரர் ஒருவர் அரைக் குறுக்கம் நிலத்துக்காக வழக்காடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருவில்லிபுத்தூர் மாவட்டக் கோர்ட்டில் அப்பீல் நடக்கும்வரை சாட்சி சொல்வது என்ன, கேள்வி எங்கே போகிறது என்பது ஒருவாறு அவருக்கு விளங்கும். இரண்டாவது அப்பீலுக்கு மதுரைக்கு, 2004-இல் திறந்த ஐகோர்ட்டுக் கிளைக்குப் போகிறார். பின் வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். அவருடைய நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆங்கிலத்தில். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் வக்கீல் குமாஸ்தாவிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, நிலம் நமக்கா, அவனுக்கா என்பதுதான்.